ஆம்ஸ்டர்டாம் படகு ஊர்வலத்துக்குத் தனியாகப் போகலாமா? வீட்டில் யாருக்கும் தெரியாது

பாளைக்காரன், 14 ஜூலை 2025

வணக்கம். இங்கே ரெண்டு வருஷமாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. பெயர் வேண்டாம். ஊர் பாளையங்கோட்டை, வயது 27, வேலை சென்னையில். நான் தன்பாலீர்ப்பாளன். இந்த ஒரு வார்த்தையை மூன்று தடவை எழுதி அழித்துவிட்டு நாலாவது தடவைதான் விட்டுவைத்திருக்கிறேன். வாயால் சொன்னது ஒரே ஒரு சேக்காளியிடம். அவனும் இப்போது துபாய் போய்விட்டான்.

விஷயம் இதுதான். கம்பெனி வேலையாக வருகிற 24ஆம் தேதி நெதர்லாந்து கிளம்புகிறேன். உட்ரெக்ட் என்ற ஊரில் மூன்று வாரம். ஆகஸ்ட் 2 சனிக்கிழமை ஆம்ஸ்டர்டாமில் கால்வாயில், என்னைப் போன்றவர்கள் வருஷா வருஷம் நடத்தும் அந்தப் படகு ஊர்வலம் (பிரைடு) இருக்கிறது. உட்ரெக்டிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தானாம். இவ்வளவு பக்கத்தில் போய் இருந்துகொண்டு பார்க்காமல் வந்தால் ஆயுசுக்கும் உறுத்தும். ஆனால் நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

என்னோடு இன்னொருவரும் வருகிறார். நாகர்கோவில்காரர், எனக்கு சீனியர், ரெண்டு பேருக்கும் ஒரே வீடு. நல்ல மனுஷர். ஆனால் டீக்கடைக்குப் போனால்கூட வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவார். அவர் மனைவியின் நம்பர் என் அம்மாவிடம் இருக்கிறது. "வெளியூர்ல பையனைப் பாத்துக்கச் சொல்லணும்" என்று கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள். சனிக்கிழமை நான் மட்டும் தனியாக எங்கே கிளம்புகிறேன் என்று அவர் கேட்டால் என்ன சொல்வது?

வீட்டில் ஜாதகத்தை வெளியே எடுத்தாயிற்று. போன வாரம் ஆனித் தேருக்கு லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தேன். டவுனில் ரத வீதியில், வெயிலில், வடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பெரியம்மா பின்னாலிருந்து தோளைத் தட்டி, "அன்னா, பச்சைச் சுடிதார், பாத்துக்கோ" என்கிறாள். அந்தப் பிள்ளையின் பக்கத்தில் அவளுடைய அத்தையோ யாரோ என்னைக் காட்டிக்கொண்டிருந்தாள். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பிக்கொண்டோம்.

சரி, என் கேள்விகள். டிக்கெட் வாங்க வேண்டுமா? தனி ஆளாகப் போய் நின்றால் அசிங்கமாக இருக்குமா? என்ன உடுத்துவது? படங்களில் எல்லாரும் ஜிகினாவும் இறகுமாக இருக்கிறார்கள். என்னிடம் இருப்பதெல்லாம் கட்டம் போட்ட சட்டை. அப்புறம் ஒன்று, இதுதான் ரொம்ப நாளாக மனசில் கிடக்கிறது: சொந்த ஊரில் ஒரு ஆளிடமும் வாய் திறக்காதவன் அங்கே போய்க் கொடியாட்டிக்கொண்டு நின்றால் அது பொய் இல்லையா?


தென்காசிச் சாரல், 14 ஜூலை 2025

தம்பி, அக்கா ராட்டர்டாமில் எட்டு வருஷமாக இருக்கிறேன். கல்யாணமாகி ரெண்டு பிள்ளைகள். நானும் என் வீட்டுக்காரரும் ரெண்டு தடவை போயிருக்கிறோம், சின்னவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அங்கே நின்றாலே நீ இன்னார் என்று யாரும் முடிவு கட்டிவிட முடியாது. லட்சக்கணக்கில் கூட்டம். நெல்லையப்பர் தேருக்கு வருகிற எல்லாரும் சாமி கும்பிடவா வருகிறார்கள்? பாதிப் பேர் அல்வா வாங்க வருகிறவர்கள். உன் சீனியரிடம் "ஆம்ஸ்டர்டாமில் திருவிழாவாம், பார்த்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லு. உண்மைதானே?

கரையில் நின்று பார்க்க டிக்கெட் கிடையாது. படகில் ஏறத்தான் ஆள் வேண்டும், ஏற்பாடு வேண்டும். கிழக்கே ஓஸ்டர்டாக்கில் மத்தியானம் 12 மணி வாக்கில் புறப்பட்டு, ஆம்ஸ்டல் ஆறு, பிரின்சன்கிராக்ட் கால்வாய் வழியாக மேற்கே வெஸ்டர்டாக்குக்குப் போகும். 80 படகு வரைக்கும் வரும், முடிய சாயங்காலம் ஆகிவிடும். பிரின்சன்கிராக்ட் கரையில் இடம் பிடிக்க வேண்டுமென்றால் பத்து மணிக்குள் போய்விடு. பாலங்கள் மேல் நிற்க ஆசைப்படாதே, நகர முடியாமல் மாட்டிக்கொள்வாய். ஆம்ஸ்டல் பக்கம் ஆறு அகலம், கொஞ்சம் மூச்சு விடலாம்.

ரயிலுக்குத் தனியாகச் சீட்டு எடுக்க வேண்டாம், வங்கி அட்டையை ஏறும்போதும் இறங்கும்போதும் தட்டினால் போதும். இறங்கும்போது தட்ட மறந்தால் கூடுதலாகப் பிடித்துவிடுவார்கள். ஊரிலிருந்து கிளம்பும் முன்னாலேயே அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைத்துக்கொள். தண்ணீர் பாட்டில், ஏதாவது சாப்பாடு, மெல்லிசான மழைக்கோட்டு மூன்றும் பையில் இருக்கட்டும். கழிப்பறைக்குக் காசு, வரிசையும் பெரிசு. அதனால் காபியைக் குறைத்துக்கொள்.

முக்கியமாக, உன் போனில் எடுக்கும் படங்கள் தானாகவே வீட்டு ஆல்பத்துக்குப் போகிறதா என்று இன்றைக்கே பார். என் கொழுந்தன் கோவா போன கதை இப்படித்தான் எங்கள் மாமியார் வீட்டு டிவியில் ஓடியது.


நடந்து பார்த்தவன், 15 ஜூலை 2025

கேட்கிறேன் என்று கோபப்படாதே. சென்னையில் வேலை என்கிறாய். 2009இலிருந்து ஜூன் மாசம் சென்னையில் வானவில் சுயமரியாதைப் பேரணி நடக்கிறது. உன் அறையிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான் இருக்கும். அதற்கு ஒரு தடவையாவது வந்திருக்கிறாயா? உட்ரெக்டிலிருந்து அரை மணி நேரம் பக்கம், சைதாப்பேட்டையிலிருந்து அரை மணி நேரம் தூரமா?

நான் சங்கரன்கோவில். 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நம்மைக் குற்றவாளியாக்கும் 377ஆம் பிரிவைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. அதற்கடுத்த ஜூனில்தான் முதல் தடவை நடந்தேன், முகத்தில் முகமூடியோடு. அன்றைக்கு அப்படி நடந்தவர்கள் இல்லையென்றால் இது குற்றமில்லை என்ற 2018 செப்டம்பர் 6 தீர்ப்பு தானாக வந்திருக்குமா? 2021இல் நம்ம உயர் நீதிமன்றம் இந்தப் பிள்ளைகளைப் போலீஸ் தொல்லை பண்ணக்கூடாது, "மாற்றுகிறேன்" என்று வைத்தியம் பார்க்கக்கூடாது என்றது. இந்த மே மாதம்கூட, கல்யாணம் மட்டும்தான் குடும்பமா, தானாகத் தேர்ந்துகொண்டதும் குடும்பம்தான் என்று சொல்லியிருக்கிறது. இதெல்லாம் இங்கே நடந்தது, ஆம்ஸ்டர்டாமில் இல்லை. அங்கே படகுகளில் எத்தனை கம்பெனி விளம்பரம் போகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு வந்து சொல்.

போகாதே என்று சொல்லவில்லை. போய்விட்டு வா. அடுத்த ஜூனில் இங்கேயும் வா.


கல்லிடை அப்பளம், 16 ஜூலை 2025

நடந்து பார்த்தவர் சொல்வது சரிதான். ஆனால் சென்னையில் நிற்கும்போது எதிரே இருக்கிற கேமரா தமிழ் சேனல் கேமரா. அம்மா அதைத்தான் பார்ப்பாள். அது எனக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். முதல் நீச்சலை ஆற்றின் நடுவில் இறங்கித்தான் பழக வேண்டுமா? படித்துறையில் பழகட்டுமே.

தம்பி, பெரிய பதிலாகப் போகும், பொறுத்துக்கொள். எனக்கு 41 வயது, ஊர் கல்லிடைக்குறிச்சி, அஞ்சு வருஷமாக பெல்ஜியத்தில் கென்ட் நகரத்தில் இருக்கிறேன். அஞ்சு வருஷத்தில் நாலு வருஷம் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றே ஓடிப்போனது. போனது 2024 ஆகஸ்ட் 3. எப்படித் தைரியம் வந்தது தெரியுமா? மறுநாள் ஆடி அமாவாசை. எங்கள் வீட்டில் வருஷம் தவறாமல் சொரிமுத்தையனார் கோவிலுக்குப் போய் ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்குவார்கள். அப்பா, அம்மா, சித்தப்பா வீடு, அண்ணன், மதினி, பிள்ளைகள், அரிசி மூட்டை, அடுப்பு, அண்டா எல்லாம் வண்டியில் ஏறிவிடும். காரையாற்றுக் காட்டுக்குள் போய்விட்டால் எங்கள் ஆட்களின் போனுக்கு சிக்னல் கிடையாது. வருஷத்தில் என் வீட்டார் யாரும் என்னைக் கூப்பிட முடியாத நாள் அது. அந்தத் தைரியம்தான். அன்றைக்கே ஆடிப்பெருக்கும்கூட, ஆனால் நம்ம பக்கம் அதற்கு அவ்வளவு மவுசு கிடையாது, அது காவிரிக்காரர்களுடையது.

விடியக்காலை ரயிலேறிப் போனேன். கட்டம் போட்ட சட்டைதான் போட்டிருந்தேன், கவலைப்படாதே. உடுப்பைப் பற்றி நீ மிரள்வது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. நீ குலசேகரன்பட்டினத்துக்குப் பக்கத்து ஜில்லாக்காரன். தசராவுக்கு நேர்த்திக்கடன் என்று மீசையை வழித்துவிட்டுச் சேலை கட்டி, பொட்டு வைத்து, வளையல் போட்டு வீடு வீடாகக் காணிக்கை கேட்டு வருகிற ஆண்களுக்கு உன் அம்மாவே அரிசி போட்டிருப்பாள். காளி வேஷம் கட்டினவர் கரண்ட் ஆபீஸ் லைன்மேனாக இருப்பார், யாருக்கும் ஒன்றும் தோன்றாது. படகில் ஆறடி உயரத்தில் இறகு வைத்துக்கொண்டு வந்த ஆளைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்த ஞாபகம் முத்தாரம்மன் கோவில் கடற்கரைதான். தாளம் மட்டும் வேறு.

ஒவ்வொரு படகும் ஒவ்வொரு கூட்டம். உங்கள் பாளை தசராவில் தெருவுக்குத் தெரு அம்மன் சப்பரம் வரிசை கட்டி எருமைக்கிடா மைதானத்துக்கு வருமே, அந்த மாதிரி. ஒரு படகில் போலீஸ்காரர்கள், ஒன்றில் வங்கிக்காரர்கள், ஒன்றில் எல்லாரும் கிழவர் கிழவிகள். விளம்பரம் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். மூன்று நாலு படகு அடுத்தடுத்துக் கம்பெனிப் படகாகவே வந்தபோது எனக்கும் கொட்டாவி வந்தது.

என்னை உலுக்கியது படகு இல்லை. என் பக்கத்தில் ரெண்டு கிழவர்கள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பிளாஸ்கில் காபி, காகிதத்தில் சுற்றிய சீஸ் ரொட்டி, தலையில் ஒரே மாதிரி வெயில் தொப்பி. தேர் பார்க்க ரத வீதித் திண்ணையில் காலையிலேயே விசிறியோடு இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் தாத்தா ஆச்சி மாதிரியே. ஒருவர் மற்றவருக்குக் கழுத்தில் வெயில் களிம்பு தேய்த்துவிட்டார். இவர் "போதும் போதும்" என்று அதட்டினார். அவ்வளவுதான் தம்பி. முத்தம் கொடுத்துக்கொண்டவர்களைப் பார்த்தபோது ஒன்றும் ஆகவில்லை. அந்தக் களிம்பைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர்கள் பார்த்துவிட்டார்கள். எந்த ஊர் என்று கேட்டு, ரொட்டியில் பாதியைக் கொடுத்தார்கள். மூத்தவருக்கு 76 வயது. அவருடைய இளமைக்காலத்தில் அங்கேயும் ஒரு சட்டம் இருந்திருக்கிறது: ஆணும் பெண்ணும் என்றால் 16 வயது போதும், இதற்கு 21 ஆகியிருக்க வேண்டும். 1971இல்தான் அதை எடுத்தார்கள். இவருக்கு 19 வயது இருக்கும்போது பழகிய மூத்த பையனைப் பிடித்து உள்ளே வைத்திருக்கலாம், அதனால் அவர்கள் சந்தித்ததெல்லாம் ஒரு பாட்டியின் வீட்டு மாடியில். 2001 ஏப்ரல் 1 நள்ளிரவில் ஆம்ஸ்டர்டாம் மேயரே நாலு ஜோடிகளுக்குக் கல்யாணம் பண்ணிவைத்ததை இவர்கள் டிவியில் பார்த்தார்களாம். உலகத்திலேயே அதுதான் முதல். "நாங்கள் அவசரப்படவில்லை, மூன்று வருஷம் யோசித்தோம்" என்றார் இளையவர். நம்ம ஊர்ச் சட்டம் எந்த வருஷத்தது என்று கேட்டார்கள். 1860, வெள்ளைக்காரன் எழுதியது, 2018இல் எடுத்தோம் என்றேன். மூத்தவர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார், 158 வருஷம். அப்புறம் பிளாஸ்கிலிருந்து எனக்கும் ஒரு மூடி காபி ஊற்றிக் கொடுத்தார்.

சாயங்காலம் அவர்கள் சொல்லித்தான் வெஸ்டர்கெர்க் தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நினைவிடத்துக்குப் போனேன். 1987இல் கட்டியது. இளஞ்சிவப்புக் கல்லில் மூன்று முக்கோணம், அதில் ஒன்று படிபோல இறங்கித் தண்ணீரைத் தொடும். நீ கட்டாயம் போ. நம்ம தாமிரபரணிப் படித்துறை மாதிரி உட்காரலாம். கீழ்ப்படியில் யாரோ பூ வைத்திருந்தார்கள். நான் பழக்கதோஷத்தில் செருப்பை மேல்படியிலேயே கழற்றிவிட்டுத்தான் இறங்கியிருக்கிறேன். ஒரு பெண் "யாரோ செருப்பை மறந்துவிட்டார்கள்" என்று எடுத்துக்கொண்டு வந்தாள். அப்போதுதான் கவனித்தேன்.

சொரிமுத்தையனார் கோவிலில் பட்டவராயனுக்குச் செருப்புதான் காணிக்கை என்பது உனக்குத் தெரிந்திருக்கும். அக்கிரகாரத்துப் பையன், செருப்புத் தைக்கிற வீட்டுப் பெண்கள் ரெண்டு பேரைக் கட்டிக்கொண்டு, குடுமியையும் பூணூலையும் விட்டு, மாமனார் வீட்டு மாட்டைக் காக்கப் போய்ச் செத்த சாமி. அந்த ஆளுக்குத்தான் எங்கள் ஊரே வரிசையில் நின்று தோல் செருப்புக் கட்டுகிறது.

நான் கென்ட் திரும்பிய ராத்திரி ரொம்ப மோசம். போய்வந்தால் மனசு லேசாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. பூட்டைத் திறந்து உள்ளே போனால் அதே ஒற்றைத் தட்டு, ஒற்றை டம்ளர். திங்கட்கிழமை அப்பா கூப்பிட்டார், குரல் கட்டியிருந்தது. பொங்கல், கிடா, கூட்டம், மழை எல்லாம் சொல்லிவிட்டு, "உனக்குக் கல்யாணம் கூடி வரணும்னு பட்டவராயனுக்கு உன் பேர்ல ஒரு ஜோடி செருப்பு கட்டியிருக்கேன்" என்றார்.

நான் சரிப்பா என்றேன்.

பொய்யா என்று கேட்டாய். கரையில் நிற்பவனிடம் அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை, அதனால் நீ பொய் சொல்ல வேண்டிய அவசியமே வராது. எனக்கு ஒரு நாள் முழுக்க அப்படி இருந்தது 41 வருஷத்தில் அதுதான் முதல் தடவை.


பாளைக்காரன், 16 ஜூலை 2025

அண்ணே, ஆபீஸில் உட்கார்ந்து படித்துவிட்டேன், தப்பு என்னுடையதுதான். பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

சாரல் அக்கா, போட்டோ ஆல்பம் அப்பா போனோடு இணைந்துதான் இருந்தது. எடுத்துவிட்டேன். நடந்து பார்த்தவர் அண்ணனுக்கு: நியாயம்தான். ஒரு தடவை கிளம்பினேன், பேரணி புறப்படும் இடத்துக்கு எதிரே டீக்கடையில் நின்று மூன்று டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.


வீரவநல்லூர் டீச்சர், 19 ஜூலை 2025

நான் இந்த இடத்தில் எழுதலாமா என்று தெரியவில்லை. நான் ஒரு தாய். வயது 62. அரசுப் பள்ளியில் 35 வருஷம் வரலாறு நடத்தி 2023இல் ஓய்வு பெற்றேன். அந்த ஜூலையில் மகளைப் பார்க்க பெர்லின் போனேன். அவள் அங்கே ஆராய்ச்சி செய்கிறாள். நாலு நாள் கழித்து, "அம்மா, இங்கே ஒரு தெருத்திருவிழா" என்று நோலன்டார்ஃப்பிளாட்ஸ் என்ற இடத்துக்குக் கூட்டிப்போனாள். கூடவே அவளோடு ஒரே வீட்டில் இருக்கும் பெண்ணும் வந்தாள். ஸ்டேஷன் முழுக்க வானவில் வர்ணம். எனக்கு ஏதோ பள்ளிக்கூட விழா என்றுதான் தோன்றியது.

அந்த ஸ்டேஷன் சுவரில் இளஞ்சிவப்பு நிறத்தில் முக்கோணமாக ஒரு கல் பதித்திருக்கிறது. 1989இல் வைத்தது. மகள் படித்துச் சொன்னாள்: அடித்துக் கொல்லப்பட்டார்கள், அப்புறம் அவர்களைப் பற்றிப் பேசாமலே மூடிவிட்டார்கள் என்று அர்த்தமாம். ஹிட்லர் காலத்து முகாம்களில் இப்படிப்பட்ட ஆண்களுக்குச் சட்டையில் குத்திய அடையாளம் அந்த முக்கோணம். ஹிட்லர் பாடத்தை நான் 35 வருஷம் நடத்தியிருக்கிறேன். மஞ்சள் நட்சத்திரத்தைப் பலகையில் வரைந்து காட்டுவேன். இந்த முக்கோணத்தைப் பற்றி ஒரு வரி சொன்னதில்லை, எனக்கே தெரியாது. அதைவிட இன்னொன்று. போர் முடிந்து மற்றவர்களெல்லாம் விடுதலையானாலும், இப்படிப்பட்ட ஆண்களைத் தண்டிக்கிற, ஹிட்லர் கடுமையாக்கின அதே 175ஆம் பிரிவை மேற்கு ஜெர்மனி 1969 வரைக்கும் அப்படியே வைத்திருந்ததாம். மொத்தமாக நீக்கியது 1994இல். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷம். பழைய காலம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது என் காலமாக இருந்தது.

மகள் கல்லைக் காட்டிவிட்டு நகரவே இல்லை. வெயில், எனக்குக் கால் வலி, போகலாம்டி என்றேன். அப்போதுதான் சொன்னாள், அந்தப் பெண் தனக்கு யார் என்று. நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. திருவிழா முழுக்க நடந்தேன், எதையும் பார்க்கவில்லை. ஊருக்கு வந்த பிறகு பத்து மாசம் அவள் கூப்பிட்டால் போனை அவள் அப்பாவிடம் கொடுத்துவிடுவேன். அவரிடமும் காரணம் சொல்லவில்லை. எனக்கு யாரிடம் என்னவென்று கேட்பது என்றே தெரியவில்லை. அரசாங்கம் 2022இலேயே இந்த வார்த்தைகளுக்கெல்லாம் மரியாதையான தமிழ்ச் சொற்களை வெளியிட்டிருந்தது என்று பிற்பாடுதான் தெரியும். அதுவரை எனக்குத் தெரிந்த வார்த்தையெல்லாம் வகுப்பில் பையன்கள் ஒருத்தனை ஒருத்தன் வைகிற வார்த்தைதான். அதைச் சொல்லி என் பிள்ளையை எப்படி நினைப்பது?

போன தீபாவளிக்குப் பார்சல் கட்டினேன். முறுக்கு, அதிரசம், சில்லுக்கருப்பட்டி. அந்தப் பிள்ளைக்குக் காரம் ஆகாது என்று மகள் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்து, மிளகு போடாமல் ஒரு டப்பா சீடை தனியாகச் செய்தேன். மூடியில் என்ன பெயர் எழுதுவது என்று கால் மணி நேரம் பேனாவோடு உட்கார்ந்திருந்துவிட்டு "மற்றது" என்று எழுதி அனுப்பினேன். அந்த டப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரெண்டு பேரும் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். இப்போது மகள் அவளைப் பற்றிப் பேசும்போது "மற்றது தூங்குது", "மற்றது கடைக்குப் போயிருக்கு" என்றுதான் சொல்கிறாள். எனக்குச் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வேன்.

தம்பி, நீ போய்ப் பார். ஆனால் அங்கே நிற்கிற வேகத்தில் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடாதே. என் மகள் நேரில் சொன்னாள், எனக்கு ஓடி ஒளிய ஓர் இடம் இல்லாமல் போய்விட்டது. போனில் சொன்னால் உன் அம்மா தனியாக அடுக்களையில் நின்று கேட்பாள். ரெண்டில் எது மேல் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.


பாளைக்காரன், 5 ஆகஸ்ட் 2025

போய்விட்டு வந்துவிட்டேன். வந்து சொல்லாவிட்டால் திட்டுவீர்கள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி சீனியரிடம், "நாளைக்கு ஆம்ஸ்டர்டாமில் ஏதோ ஊர்வலமாம்" என்று பட்டும் படாமலும் சொன்னேன். "நானும் வாரேன்" என்றுவிட்டார். அந்த நிமிஷம் எனக்கு உயிர் போய்விட்டது. ராத்திரி தூங்கவில்லை, தலைவலி என்று சொல்லி ரத்து பண்ணிவிடலாமா என்று விடியும் வரை யோசித்தேன். காலையில் பார்த்தால் அவர் எழுந்து குளித்து, எலுமிச்சைச் சாதம் கிண்டி டப்பாவில் அடைத்து வைத்திருக்கிறார்.

சாரல் அக்கா சொன்ன மாதிரி ஆம்ஸ்டல் கரையில் இடம் பிடித்தோம். பக்கத்தில் ஒரு வயசான அம்மாள், பார்க்க நம்ம ஊர் மாதிரியே இருந்தார். சுரினாமில் பிறந்தவராம். கொள்ளுத்தாத்தா பீகாரிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனவர். எலுமிச்சைச் சாதத்தை அவருக்கும் கொடுத்தோம். கடுகைப் பார்த்துவிட்டு, தன் பாட்டி இப்படித்தான் தாளிப்பாள் என்றார். அவருடைய பேரன் பத்தாவதோ பதினொன்றாவதோ படகில் வந்தான். அவனைக் கண்டதும் அந்த அம்மாள் போட்ட குலவை இருக்கிறதே, பேச்சியம்மன் கோவில் கொடையில்கூட நான் அப்படிக் கேட்டதில்லை. நானும் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன், யார் பேரனுக்கோ.

கம்பெனிப் படகுகளை எண்ணினேன் அண்ணே, பதினெட்டோடு விட்டுவிட்டேன். சாயங்காலம் அந்தப் படித்துறைக்கும் போனேன். சீனியர் மேலே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நான் செருப்பைக் கழற்றவில்லை, ஷூ போட்டிருந்தேன், ஆனால் கழற்றலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன்.

திரும்பி வரும்போது ரயிலில் நிற்கத்தான் இடம். பாதி வழியில் சீனியர், "நீ அழுதியா?" என்றார். "வெயில்ல கண்ணு எரிஞ்சுது" என்றேன். "ஆமா, நல்ல வெயில்" என்றார். அன்றைக்கு அவ்வளவொன்றும் வெயில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஸ்டேட்டஸைப் பயந்துகொண்டே திறந்தேன். 22 படம், நாலு வீடியோ. படகு, பாலம், கூட்டம், எலுமிச்சைச் சாதம், சுரினாம் அம்மாள், அவருடைய செல்ஃபி எல்லாம் இருக்கிறது. நாள் முழுக்க அவர் பக்கத்திலேயே நின்ற நான் ஒன்றில்கூட இல்லை. செல்ஃபியில் என் தோள் வரைக்கும் வந்து வெட்டியிருக்கிறது. அவரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மத்தியானம் அம்மா கூப்பிட்டாள். அவர் மனைவி எல்லாவற்றையும் அனுப்பிவிட்டிருக்கிறாள்.

"அந்தத் தெப்பத்தைப் பாத்தேன். நல்லா ஜோடிச்சிருக்கானுவ. நீ எங்கல நின்ன, காணவே இல்ல?"

"கரையிலதான்மா நின்னேன்."

"எல்லாத் தெப்பத்துலயும் ஆளுதான் ஆடுது. சாமி எதுல வந்துச்சு?"

டீச்சரம்மா, நீங்கள் சொன்னது அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. அடுக்களையில்தான் நின்றிருந்தாள், குக்கர் சத்தம் கேட்டது. "ஊருக்கு வந்து சொல்லுதேன்மா" என்றேன். "சரி, கூட்டத்துல ரொம்ப நிக்காத, மேலுக்கு ஆவாது" என்று வைத்துவிட்டாள். ஜாதகத்தைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் கேட்டுவிட்டாள்.